கட்டிலுக்கு அடியில் பொட்டு

ஜூன் 3, திங்கள்
புது வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். விவேக் நகர் தாண்டி, ஏழாவது மாடி. ஹாலில் எல்லாமே பழைய மரச்சாமான். சுவர் வெறும் வெள்ளை, மரம் மட்டும் கண்ணில் படுகிறது. வீட்டுக்கார அதிதி அக்கா மெத்தை போட்ட திவானைக் காட்டி, "இதுக்கு ஈரத்துணி போடாத பார்கவி. நூறு வருஷத்துப் பீஸ், மைசூர்ல ஒரு பெரிய வீட்டோடது" என்றார். தலையாட்டினேன்.

ஜூன் 6
திவானுக்கு அடியில் துடைக்கும்போது விரலில் ஏதோ தட்டியது. ஸ்டிக்கர் பொட்டு. வரிசையாக.

அம்மா படுக்கும் முன் நெற்றியிலிருந்து எடுத்து, சட்டத்துக்கு அடியில் ஒட்டிவிடுவாள். பாலிஷ் போட்டவன் குனிந்து பார்க்கவில்லை. கால்களை அறுத்துக் குட்டையாக்கி, மேலே மெத்தை போட்டு — எங்கள் கட்டில்தான். அம்மா வேலை செய்த பங்களாவை இடித்தபோது அவளுக்குக் கொடுத்தது. அதில்தான் நோயில் கிடந்தாள். அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அதில்தான் போனாள். சாவு விழுந்த கட்டில் வீட்டில் ஆகாது என்று, காரியம் முடிந்ததும் அப்பா பழைய சாமான் கடைக்காரனிடம் போட்டுவிட்டார்.

ஜூன் 9, ஞாயிறு
அப்பாவிடம் சொன்னேன். "திரும்பக் கொண்டாந்து எங்கடி போடுவ, என் தலைமேலயா?" என்றார். அப்புறம் வெளியே போய் நின்றுகொண்டார்.

போட இடம் இருக்கிறது. நான் பாய் விரிக்கிற இடம்.

ஜூன் 14
அக்காவுக்கு ஏழாம் மாதம். மாமியார் கோமளம் அம்மா வந்திருக்கிறார். சீமந்தத்துக்கு அக்காவைத் திவானில்தான் உட்காரவைக்கப் போகிறார்களாம்.

சொன்னால் பயந்து வெளியே போடுவார்கள். போட்டால் எனக்கு. சொல்ல வாய் வருமா?

ஜூன் 15
சொல்லிவிட்டேன். "எங்கம்மா செத்துப்போன கட்டில்மா இது." பொட்டுகளையும் காட்டினேன். அக்கா முகம் வெளுத்துவிட்டது. கோமளம் அம்மா குனிந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

கட்டிலை ஏற்றிக்கொண்டு போக வண்டிக்காரரிடம் கேட்டு வைக்கவேண்டும்.

ஜூன் 17
ஐயர் வந்து கட்டிலுக்கு மாவிலையால் தண்ணீர் தெளித்தார். என்னை லிஃப்ட் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். முடிந்ததும் கோமளம் அம்மா கூப்பிட்டார். "கட்டிலுக்குத் தோஷம் போயிடுத்து. உன் ஏக்கப் பார்வைக்கு யாரு பரிகாரம் பண்றது? புள்ளத்தாச்சி இருக்கற வீடு. நாளைலேர்ந்து வராத. அடியில இருக்கறதையெல்லாம் சுரண்டிட்டுப் போ."

அக்கா என்னைப் பார்க்கவில்லை.

படுத்துக்கொண்டு சுரண்டினேன். நகத்தால்தான். ஒன்றை மட்டும் கைக்குள் மூடிக்கொண்டேன்.

ஜூன் 18
எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 24, திங்கள்
பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் முதல் நாள். பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும் வேலை. கிளம்பும்முன் அம்மாவின் பொட்டை எடுத்து நெற்றியில் அழுத்திப் பார்த்தேன். பசை போய்விட்டது. நிற்கவில்லை.