கூட்டுப்புழுவின் கண்ணுக்குள்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. நான் சௌக்கியம், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, அங்கே நீயும் மாப்பிள்ளையும் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை போன் பண்ணியபோது மீட்டிங்கில் இருக்கேம்மா என்றாய், தப்பில்லை, ஆனால் சொல்ல வந்தது தொண்டையிலேயே நிற்கிறது, அதனால் எழுதுகிறேன்.

என் அந்துப்பூச்சிகளைத்தான் உனக்குத் தெரியுமே. புழுவாக இருக்கும்போது பேருக்குச் சில பொட்டுக் கண்கள், இறக்கையோடு வரும்போது பெரிய கண், அந்தப் புதுக் கண் மூளையோடு பேச ஹிஸ்டமின் என்கிற ரசாயனம் வேண்டும், நமக்கு மூக்கு ஒழுகவைக்கிற அதே சனியன்தான். அது கூட்டுக்குள் எப்போது கண்ணில் சேர ஆரம்பிக்கிறது என்றுதான் இத்தனை வருஷமாய்த் தேடினேன். கொஞ்ச நாள் முன்னால் ஆய்வுக்கூடத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறேன், நாங்கள் நினைத்ததற்கு ரொம்ப முன்னாலேயே, பூச்சி எதையும் பார்க்கத் தொடங்காத பருவத்திலேயே, கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பெல்லாம், ஹிஸ்டமின் இருந்தால் ஒளிர்கிற சாயம் ஏறி, பச்சைப் பச்சையாய் மின்னுகிறது. "பெரியவரே, இங்க வாங்க" என்று திரும்பினால் நாற்காலி காலி. எனக்கு ஸ்லைடு தயார் பண்ணித் தந்த பெரியவர் போன மாதமே ஓய்வு பெற்றுவிட்டார், என் நாக்குக்குத்தான் அது இன்னும் தெரியவில்லை. உன் அப்பா இருந்திருந்தால் புரியாவிட்டாலும் தலையாட்டியிருப்பார். கடைசியில் தரை துடைக்க வந்த அம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "அழகா இருக்கு மேடம், உயிரோட இருக்கா?" என்றாள். இல்லை, மூளையை வெட்டினால்தான் இது தெரியும் என்றேன். "அய்யோ, கண்ணு தொறக்கவே இல்லையா" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எத்தனையோ வெட்டியவள்தான் நான், அன்றைக்கு அடுத்ததை வெட்டக் கை வரவில்லை. மிச்சமிருந்த ஒரு கூட்டுப்புழுவை டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நேற்றுச் சாயங்காலம் அது வெளியே வந்து, இறக்கையை ஈரத்துணி மாதிரித் தொங்கவிட்டுக் காயவைத்தது, பிறகு விளக்கில் முட்டி முட்டி ஒரே படபடப்பு. வீட்டில் என்னைத் தவிர இன்னொரு சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. விளக்கை அணைத்து ஜன்னலைத் திறந்தேன், நின்றுகூடப் பார்க்காமல் போய்விட்டது.

ஆய்வுக்கூட இயக்குநர் இன்னும் ஒரு வருஷம் வேலையில் இருக்கச் சொல்கிறார், நீ உன்னிடமே வந்துவிடச் சொல்கிறாய். இருந்து இந்த ஆராய்ச்சியை எழுதி முடிக்கிறேனே, கோபித்துக்கொள்ளாதே. அங்கே வந்தாலும் நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு நான் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் வள்ளென்று விழாதே. இருவரும் நீண்ட நாள் நன்றாக இருங்கள். லீவு கிடைத்தால் முன்கூட்டிச் சொல்லாமலே வா, சொன்னால் அதுவரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா