செனட்டர் எனக்காகப் பேசிய நாள்

இன்று காலை வேலைக்குக் கிளம்புமுன் மகன் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டான். அந்த வாசம் சமையலறைவரை வந்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போகிற இடம் ஒன்றும் இல்லாமலேயே தினமும் ஒற்றைக் கையால் சப்பாத்தை மினுக்கிக்கொண்டிருந்த நீங்கள் முன்னால் வந்துவிட்டீர்கள், செனட்டர்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இங்கே நியூசிலாந்தில், மவுண்ட் ரோஸ்கில்லில் உங்கள் மகள் வீட்டில், பகலில் உங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அமெரிக்காவில் ஒரு மாநிலச் சட்டசபையில் பல வருடங்கள் செனட்டராக இருந்தவர் நீங்கள். பக்கவாதம் ஒரு கையை எடுத்துக்கொண்டது, குரலை விட்டுவைத்தது. வரி குறையவேண்டும், தேவாலயம் நிறையவேண்டும், வெளியார் வரும் கதவு இறுக்கமாக இருக்கவேண்டும் என்று நான் உடுப்பு மடிக்கும்போதும் எனக்குப் பிரசங்கம் நடக்கும்.

"நானும் வெளியாள்தானே" என்றேன் ஒருநாள்.

"நீ வரிசையில் நின்று வந்தவள்" என்றீர்கள்.

அப்போது என் தம்பி, சண்டையில் மன்னாரை விட்டு வெளிக்கிட்டு, கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தான். இங்கே வர அவன் கேட்ட விசா இரண்டாம் தரமும் மறுக்கப்பட்டது. உங்களிடம் சொல்லிப் பார்க்கப் போகிறேன் என்றதும் என் கணவர் சிரித்தார். "அந்தாளிட்டையோ கேக்கப் போறீர்? வெளியாட்களுக்கு ஆஸ்பத்திரி உதவியை நிப்பாட்டச் சட்டம் கொண்டுவந்த மனுசன்."

கேட்டேன். "அவன் ஏதாவது பொய் எழுதினானா?" என்று மட்டும் விசாரித்தீர்கள். இல்லை என்றேன். டை கட்டிவிடச் சொன்னீர்கள்.

உங்கள் மகள் காரோட்ட, எங்கள் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போனோம். கைத்தடியை ஊன்றி நின்றுகொண்டே பேசினீர்கள். "இப்படிப்பட்டவர்களைத் தடுக்கிற சட்டங்களுக்குக் கை தூக்கியவன் நான். யார் ஏமாற்றுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். இவர்கள் ஏமாற்றவில்லை. இன்னொரு தரம் பார்க்கச் சொல்லுங்கள்." எம்.பி. உங்களை உட்காரச் சொன்னார். அவர் சம்மதிக்கும்வரை நீங்கள் உட்காரவில்லை.

சில மாதங்களில் தம்பி வந்துவிட்டான். நன்றி சொல்ல அவனை உங்களிடம் கூட்டிவந்தேன். அவன் கையைக் குலுக்கினீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்றைக்கு அந்தச் சபையில் இருந்தாலும் அதே சட்டத்துக்குத்தான் கை தூக்குவேன்" என்றீர்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படியென்றால் எனக்காக ஏன் வந்தீர்கள்?"

"நீ கேட்டாய்."

அவ்வளவுதான். அந்தக் குளிர்காலத்திலேயே நீங்கள் போய்விட்டீர்கள், நம் இருவருடைய வாக்குவாதத்தைப் பாதியில் விட்டுவிட்டு.

இத்தனை வருடங்களாகியும் அந்தப் பதிலோடு என்னால் சமாதானமாக இருக்க முடியவில்லை. கேட்க ஆளில்லாமல் உங்கள் ஊர் ஆஸ்பத்திரி வாசலில் திரும்பியவர்களை யோசிக்கிறேன். அவர்களில் ஒருத்தி உங்கள் வீட்டில் உடுப்பு மடித்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இப்போது தேவாலயத்தில் பூசை முடிந்ததும் ஆரும் புதிதாக வந்தவர்கள் தனியே நின்றால், அவர்கள் வாய் திறக்கக் காத்திராமல் நானே கிட்டப் போய், என்ன உதவி வேணும் என்று கேட்கிறேன்.