வகுக்கக் கற்ற பெட்டி

செவ்வாய், இரவு.

என் பெட்டி இன்று வகுத்துவிட்டது!

பக்கத்து வீட்டு மீனவன் சேகரின் படகு இன்ஜின் சூடேறினால் கூவப்போகும் பெட்டி. சூட்டைக் கணக்கிட வகுக்க வேண்டும்; அதிலுள்ள சின்னச் சில்லுக்கோ வகுக்கத் தெரியாது. அதைச் செய்து கொடுக்கும் துணை நிரலை, அதாவது ரன்டைம் லைப்ரரியை, என் லேப்டாப்பில் உருவாக்கி உள்ளே ஏற்ற வேண்டும். இத்தனை நாளும் வேறொரு பெரிய சில்லுக்கானதை ஏற்றியிருக்கிறேன். இன்று சரியானதை ஏற்றினேன். 7 வகுத்தல் 2 என்றதற்கு 3 என்றது. கத்தியே விட்டேன்.

எட்டிப் பார்த்த சேகர், "இன்னாக்கா, ஏழு மீன ரெண்டு பேரு பிரிச்சா ஆளுக்கு மூணுதானா? மீதி ஒண்ண உன் பொட்டி துன்னுச்சா?" என்றான்.

மீதியைக் கேட்டேன். 1 என்றது.

"அப்ப நாளைக்கே மாட்டுக்கா. மறுபடியும் நடுக்கடல்ல இன்ஜின் புகஞ்சி நின்னா என்னால ஆவாது."

மாட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். படுத்த பிறகுதான் உறைத்தது: பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் என்ன செய்யும் என்று மட்டும் பார்க்கவில்லை; பெட்டி கூவாமலே நின்றுவிடலாம். தூக்கமாவது! எழுந்துவிட்டேன்.