உங்கள் தோசை நாட்கள்

அக்கா,

பக்கத்து வீட்டில் கல்லில் மாவு ஊற்றும் சத்தம் கேட்டால் இப்போதும் என் கை ஃபோனைத் தேடுகிறது. சொய்ங் என்ற அந்தச் சத்தத்துக்குப் பின்னாலேயே உங்கள் குரல் வர வேண்டும். "இன்னா டிகிரி, உயிரோட கீறியா? இங்க தோசை!"

இன்று காலையும் தேடினேன். ஃபோனில் இருந்தது வேறொரு செய்தி. திருமழிசையில் ஒரு பெண். நம் நோய்தான் அவளுக்கும். "அந்த ஊசியில உங்களுக்குச் சரியாச்சாமே அக்கா, நானும் போட்டுக்கவா?" என்று சில நாட்களாக என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பதில் எழுதி எழுதி அழிக்கிறேன். அவளுக்கு எழுத முடியாததை முதலில் உங்களுக்கு எழுதிப் பார்க்கிறேன்.

நாம் சந்தித்தது ஆஸ்பத்திரி பெஞ்சில். கல்லூரிக் கடைசி வருடத்தில் வந்த காய்ச்சல் போய்விட்டது. களைப்பு மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. தலை வாரினாலே கை சோர்ந்து விழும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த உங்களையும் அதேதான் வீட்டில் படுக்க வைத்திருந்தது, எனக்குப் பல வருடம் முன்பே. டாக்டர் இருவரிடமும் ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்றார். வெளியே வந்து, முன்பின் தெரியாத என்னிடம் சொன்னீர்கள்: "ஒன்னுமே இல்லியாம். ஒன்னுமில்லாததுக்கா இந்த ஒடம்பு இந்தக் கனம் கனக்குது?" நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசும் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

அப்புறம் நமக்கென்று ஓர் அளவு வைத்துக்கொண்டோம். அடுப்பு முன்னால் நின்று ஊற்ற முடிந்தால் தோசை நாள். ஏற்றி வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டால் இட்லி நாள். படுத்தபடியே பிய்த்துத் தின்றால் பன் நாள். அந்தக் காலத்தில் நமக்குப் பெரும்பாலும் பன்தான்.

அந்தத் தடுப்பூசியைப் பற்றி நம்மைப் போன்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில் படித்தேன். கொல்லப்பட்ட பாக்டீரியாவில் செய்தது, வேறு நோய்க்கானது. சிலர் தாங்களாகவே போட்டுக்கொண்டு எழுந்து நடமாடுவதாக எழுதியிருந்தார்கள். சிலர் இன்னும் மோசமானதாக எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான், அதிலும் மைக்ரோபயாலஜி; அதனால்தான் உங்களுக்கு நான் 'டிகிரி'. ஆங்கிலத்தில் இருந்ததை வரிவரியாக உங்களுக்குச் சொன்னேன், மோசமானதையும் சேர்த்து. "செத்த பூச்சி இன்னா பண்ணிடப் போவுது? உயிரோட கீற டாக்டருங்களே ஒன்னும் பண்ணல" என்றீர்கள்.

குழுவில் ஒருவர் மருந்தை அனுப்பினார். பருத்திப்பட்டில் உங்கள் வீட்டில், உங்கள் வீட்டுக்காரர் அண்ணன் ஷேர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு, டிவியைச் சத்தமாக வைத்துவிட்டுக் கையை நீட்டினீர்கள். நான் ஊசியை என் கைப் பக்கம் திருப்பினேன்.

"நானே மொதல்ல போட்டுக்கிறேங்க அக்கா."

"ங்க போடாதன்னு எத்தினி வாட்டி சொல்றது, நான் இன்னா உன் டீச்சரா? நீ சின்னப் பொண்ணு. மொதல்ல எனக்கு. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீ போட்டுக்காத. அவ்ளோதான் நம்ம ஆராய்ச்சி."

கை சிவந்தது, இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. சில வாரங்களில் உங்களுக்குத் தோசை நாள் வந்தது. ஏரிக்கரை வரை நடந்துபோய்ப் படம் எடுத்து அனுப்பினீர்கள். அதைப் பார்த்துத்தான் நானும் சில வாரங்களுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளத் தொடங்கினேன். எனக்கும் பன் இட்லியாயிற்று, மெல்ல மெல்லத் தோசையும் ஆயிற்று. பூந்தமல்லியில் எங்கள் மாடிப்படியை நடுவில் உட்காராமல் ஏறிய அன்று உங்களைக் கூப்பிட்டு அழுதேன். "அழுவாத, மறுபடி டயர்டாயிடுவ" என்றீர்கள். வேலைக்குப் போகத் தொடங்கினேன். காலையில் தோசைச் சத்தம் தவறாமல் வந்தது. பார்க்க வரட்டுமா என்று கேட்டால், "ஞாயித்துக்கெழம தூங்குடி" என்பீர்கள்.

பிறகு ஒரு மத்தியானம் அண்ணன் கூப்பிட்டார். தூங்கிய நீங்கள் எழுந்திருக்கவில்லையாம். மாரடைப்பு என்றார்களாம். ஊசியா, நோயா, இரண்டும் இல்லாத வேறொன்றா, யாருக்கும் தெரியாது.

காரியத்தன்று அண்ணனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னேன்: "கடைசி வரைக்கும் நின்னு தோசை ஊத்திட்டிருந்தாங்களேண்ணே."

அண்ணன் என்னைப் புரியாமல் பார்த்தார். "அவளா? அவ படுக்கைய வுட்டு எந்திரிச்சு மாசக்கணக்காச்சும்மா. ஊத்துனது நானு. போனை கல்லாண்ட புடின்னுவா. சத்தம் வந்ததும் எட்த்தாந்து குடுப்பேன், அப்பால பேசுவா."

"ஏண்ணே?"

"நான் படுத்துட்டேன்னு தெரிஞ்சா அந்தப் பொண்ணு ஊசிய நிறுத்திடும், இப்பத்தான் படியேறுதுன்னா."

நம் ஆராய்ச்சிக்கு இருந்ததே ஒரு விதிதான். அதையும் எனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டீர்கள். தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பேன். நிறுத்தியிருந்தால் இந்நேரம் படுக்கையில் இருந்திருப்பேனா, இல்லை, தானாகவே தேறியிருப்பேனா? இந்தக் கேள்வியோடுதான் தினமும் பஸ் ஏறுகிறேன். அசதி தெரியாமல் ஒரு நாள் கழிந்தால், அது உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டதுபோல இருக்கிறது.

சாயங்காலம் அந்தப் பெண்ணுக்கு எழுதிவிட்டேன். இரண்டு பேர் போட்டுக்கொண்டோம், நான் எழுந்தேன், அக்கா எழுந்ததாகச் சொன்னார், இப்போது அவர் இல்லை, நீ போட்டுக்கொள்ளாதே.

உடனே கேட்டாள்: "அப்ப நீங்க நிறுத்திட்டீங்களா அக்கா?"

நிறுத்தினால் நீங்கள் எதற்காகப் பொய் சொன்னீர்களோ அதையே நான் தூக்கி எறிந்ததாகிவிடும் என்று தோன்றுகிறது. தொடர்ந்தால், ஒவ்வொரு முறையும் ஊசி உங்கள் கையில் இறங்குவதுபோல இருக்கிறது. அவளிடமாவது பொய் வேண்டாம் என்று, "இல்லை, இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று அனுப்பினேன்.

அனுப்பிய பிறகுதான் பயம் வந்தது. உங்கள் பொய்யை நம்பி நான் தொடர்ந்தேன். என் உண்மையை நம்பி அவள் தொடங்கிவிடுவாளோ?

படித்துவிட்டாள் அக்கா. பதில் எதுவும் வரவில்லை.