மறுகாலில் வெறும் தண்ணீர்

அண்ணே,

இன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தையில் விற்பதற்குத் தெர்மாகோல் பெட்டியைத் திறந்ததும் ஐஸ் மீன் வாடை குப்பென்று அடித்தது. எந்த ஊர்க் குளத்து மீனோ, ராஜபாளையம் லாரியில் வந்தது. மடவார் வளாகத்து டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு, "கண்மாய் விரால் இனிமே வரவே வராதாம்மா?" என்று கேட்டார். உன்மேல் வந்த ஆத்திரத்தில் பெட்டி மூடியை அறைந்து சாத்தினேன்.

நம் மேலக் கண்மாய்ப் பள்ளத்தில் கோடையிலும் தண்ணீர் வற்றாது. விரால் அங்கேதான் குஞ்சு பொரிக்கும். மழைக்குக் கண்மாய் நிரம்பி மறுகால் வழியே உபரித் தண்ணீர் பாய்ந்தால் குஞ்சுகள் தண்ணீரோடு நடுக் கண்மாய்க்கும் கீழக் கண்மாய்க்கும் இறங்கும். அந்த இரண்டும் எப்படியும் வற்றுகிறவை. அங்கே ஒன்றுவிடாமல் பிடிப்பார்கள். அப்போதெல்லாம் மேலே யாரும் வலை போடுவதில்லை. "காவல் காக்கிறது நாங்க, திங்கிறது அவியளா?" என்று மேலக் கண்மாய்க்கரை மேலூர்க்காரர்கள் கேட்டதும் நியாயம்தான்.

பட்டாளத்திலிருந்து வந்தவன் நீ. உன் பேச்சுக்கு மூன்று ஊரும் கட்டுப்படும். "பிடிக்கிற மீன்ல மேலூருக்குப் பங்கு குடுங்க, அந்தக் கண்மாயைத் தொடாதீக" என்று மூன்று ஊர்க் கூட்டத்தில் சொன்னேன். கேட்டாயா? "மூணு கண்மாய்க்கும் ஒரே சட்டம். பாதி பிடி, பாதி விடு" என்று முடித்துவிட்டாய். வீட்டுக்கு வந்தும் நான் விடவில்லை.

"கீழ விடுற பாதி கோடையில சேத்துக்குள்ள சாகும். மேல எடுக்கிற பாதி தாய் மீனுண்ணே."

"ஏட்டி, சும்மா இரு. ஊருக்கு ஊரு எம்புட்டு நாளைக்கு அடிச்சிக்கிட்டுக் கிடக்க?" என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாய்.

சின்ன வயதிலும் நீ அப்படித்தான். பொரித்த மீனில் தலை எனக்கு உயிர், உனக்கு ஆகாது. ஆனாலும் அதை இரண்டாகப் பிளந்து உன் பாதியைப் பூனைக்குப் போடுவாய்.

வருசத்துக்கு வருசம் வலை லேசானது. "மழை சரியில்லட்டி" என்றே கடைசிவரை சொன்னாய். உன் சாவுக்கு வந்தவர்களெல்லாம் நியாயஸ்தன் என்று அழுதார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

இந்த வருசம் நல்ல மழை. சந்தை முடிந்து வரும் வழியில் மறுகாலில் இறங்கினேன். நாம் துண்டை விரித்துக் குஞ்சு பிடித்த அதே இடத்தில் முந்தானையை விரித்துப் பிடித்துச் செத்த நேரம் நின்றேன். முழங்கால் அளவுக்குத் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. துணியில் ஒரு குஞ்சு இல்லை.

ஈரச் சேலையோடுதான் இதை எழுதுகிறேன். இப்போது ஊர்களுக்குள் சண்டை இல்லை, அண்ணே. மூன்று ஊருக்கும் சமமாக ஒன்றுமில்லை. எனக்கு மட்டும் இந்தக் கோபம் முழுசாக மிஞ்சியிருக்கிறது. இதைப் பாதியாகப் பிளந்து வாங்கிக்கொள்ள நீ இல்லை.