பூட்டாத இடுப்புப் பட்டை

ஜூன் 9, 2025
மகனுக்குச் சோறு போடாமல் வதைக்கிறேன் என்று தெருவில் பேசுகிறார்கள். அது சரியல்ல. இரவுச் சோற்றை மட்டும்தான் நிறுத்தினேன். இரண்டு சப்பாத்தியும் வெஞ்சனமும் தருகிறேன். தீயணைப்பு வீரனுக்கு எதற்குத் தொப்பை?

ஜூன் 12
வடமதுரைப் பக்கம் கிணற்றில் விழுந்த ஆட்டை மீட்கத் தீயணைப்பு வண்டியில் போயிருக்கிறார்கள். எதிர்வீட்டுச் சொர்ணலட்சுமி செல்போனில் வீடியோ காட்டினாள். கிணற்று விளிம்பில் என் மகன் பொன்ராஜ். கயிற்றில் இறங்கக் கட்டும் இடுப்புப் பட்டை எட்டவில்லை, பூட்ட முடியவில்லை. இழுக்கிறான், மூச்சை அடக்கிப் பார்க்கிறான். கடைசியில் அவனுடன் வேலை பார்க்கும் இஷாக் இறங்கினான்.
"டீச்சரம்மா, ஆட்டத் தூக்க ஒரு வண்டி, ஒங்க மகனத் தூக்க ஒரு வண்டியா?" என்றாள் சொர்ணலட்சுமி.
நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

ஜூன் 13
தீயணைப்பு நிலையத்துக்கே போய் அதிகாரியிடம் சொன்னேன்: உடம்பு குறையும்வரை இவனை வண்டியில் ஏற்றாதீர்கள். ஆங்கிலத்தில்தான் சொன்னேன், ஆனாலும் நின்றிருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த பொன்ராஜ் நிமிரவே இல்லை.

ஜூன் 14
போன் எடுக்கும் வேலைக்கு அவனை மாற்றிவிட்டார்களாம். வீட்டுக்கு வரவில்லை.

ஜூன் 17
அவனுடைய மாற்றுத்துணிக்காக இஷாக் வந்தான்.
"அண்ணன் ஸ்டேஷன்லயே படுத்துக்கிறாரும்மா. கெணத்துல எறங்குறப்ப மேல கயித்த அவரு புடிச்சாத்தான் எனக்குத் தைரியம். இப்பப் போன்கிட்ட உக்காந்திருக்காரு. அம்புட்டுப் பேரு முன்னாடி சொல்லியிருக்க வேணாம்."
"அவன் உயிருக்குப் பயந்துதான் சொன்னேன்" என்றேன்.
பொய். மாடி ஏறினால் அவனுக்கு மூச்சு வாங்குவது எனக்கு வருஷக்கணக்காகத் தெரியும். அப்போதெல்லாம் நிலையத்துக்கு ஓடினேனா? பயமில்லை, வெட்கம் — ஊர் சிரிச்சிருச்சேன்னு வெட்கம். பெத்த புள்ள வயித்தப் பாத்து வெக்கப்பட்டிருக்கேன். என்ன பொம்பள நான்.

ஜூன் 18
சாப்பாட்டுக் கேரியர் அனுப்பினேன். திறக்காமலே திரும்பி வந்தது.

ஆகஸ்ட் 22
இஷாக் போனில் பேசினான். தினமும் விடியற்காலையில் அவனும் பொன்ராஜும் ஓடுகிறார்களாம். "எடை பெருசா எறங்கலம்மா. இடுப்புச் சுத்தளவு எறங்கியிருக்கு. டாக்டரு அதுதான் முக்கியம்ங்கிறாரு." செவ்வாய்க்கிழமை உடற்தகுதித் தேர்வு. தேறினால் மறுபடி வண்டி.
பொன்ராஜ் என்னைப் பற்றிக் கேட்டானா என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 24
இஷாக்கிடம் ஒரு சீட்டுக் கொடுத்தனுப்பினேன். நான்கு தடவை கிழித்து எழுதியது.
"பொன்ராஜ், செவ்வாய்க்கிழமை நீ ஓடும்போது, எல்லோரும் பார்க்க, உன் அம்மாவாக தேர்வு மைதானத்தில் நிற்க விரும்புகிறேன். நீ தேறினாலும் தேறாவிட்டாலும். வேண்டாம் என்றால் வரமாட்டேன். வரவா, வேண்டாமா என்று உன் கையால் எழுதி அனுப்பு."