ஷூ காயும் சுவரைத் திருப்பிக் கொடுங்கள்

அனுப்புநர்:
உடை திருத்தும் தையற்காரி,
கடை எண் 6, தரைத்தளம்,
நகராட்சி வணிக வளாகம்.

பெறுநர்:
கட்டட நிர்வாக அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், மூன்றாம் மாடி.

பொருள்: வணிக வளாகப் பின்பக்க நடைவழியில் தபால்காரர்கள் ஷூ உலர்த்தத் தடை – அத்தடையை நீக்கக் கோருதல் – தடைக்குக் காரணமான புகாரை எழுதியவளே கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. எனது புகார் மனு, ஜூன் 12.
2. அதன்மீது தாங்கள் பிறப்பித்த ஆணை, ஜூன் 15.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. பார்வை ஒன்றில் கண்ட புகாரை எழுதியவள் நான்தான். அதற்கு முன்பு குழாய்க் கசிவு, எரியாத விளக்கு, ஆடும் கைப்பிடி என்று ஒன்பது மனுக்கள் அனுப்பியிருக்கிறேன். கைப்பிடி இன்றும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. ஷூ விஷயத்தில் மட்டும் மூன்றே நாளில் நடவடிக்கை எடுத்துவிட்டீர்கள். இவ்வளவு வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருந்தால் கொஞ்சம் யோசித்து எழுதியிருப்பேன்.

2. இடத்தைத் தாங்கள் நேரில் பார்க்காததால் விளக்குகிறேன். என் கடைக்கு வலப்புறம் சலவைக்கடை. அங்கே துணி உலர்த்தும் இயந்திரத்தின் சூட்டுக்குழாய் பின்சுவருக்குள் ஓடுவதால் அந்தச் சுவர் நாள் முழுக்க வெதுவெதுப்பாக இருக்கும். நடைவழியின் கடைசியில் தபால் பட்டுவாடா அலுவலகம். காலைச் சுற்று முடித்து நனைந்து வரும் தபால்காரர்கள் பதினோரு பேரும் ஷூவைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு, வேறு ஜோடி போட்டுக்கொண்டு மதியச் சுற்றுக்குப் போவார்கள்.

3. என் புகாருக்குக் காரணம் நாற்றம். அதில் பொய் இல்லை. கோட்டுக்கு அளவு கொடுக்க வந்த ஒரு பெரிய மனிதர் நான் டேப்பைச் சுற்றும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். நானும் அதைக் கவனிக்காமல் மார்பளவைக் குறித்துவிட்டேன். தைத்து முடித்துப் போட்டுப் பார்த்தபோது அந்தக் கோட்டுக்குள் அவரும் அவர் தம்பியும் சேர்ந்து நுழையலாம் போலிருந்தது. அன்று வந்த ஆத்திரத்தில்தான் "பொதுச் சுகாதாரத்துக்குப் பேராபத்து" என்றெல்லாம் எழுதித் தள்ளினேன். இப்போது அளவெடுக்கும்போது வாடிக்கையாளரை ஒன்றிலிருந்து பத்துவரை சத்தமாக எண்ணச் சொல்கிறேன். எண்ணுகிறவர் மூச்சைப் பிடிக்க முடியாது. இந்த யோசனை எனக்கு ஜூன் 11-ஆம் தேதியே வந்திருந்தால் தங்களுக்கு இவ்வளவு வேலை வைத்திருக்க மாட்டேன்.

4. தங்கள் ஆணைக்குப் பிறகு மழை வலுத்தது. காலையில் நனைந்த ஷூவை இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினால் மறுநாளும் அது ஈரமாகத்தான் இருக்கும். தபால்காரர்களில் ஒருவர், லிஃப்ட் இல்லாத கட்டடங்களாகவே பார்த்து அவருக்கு ஒதுக்கியிருப்பதால் எல்லோராலும் 'மாடிப்படி' என்று அழைக்கப்படுபவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். இரண்டு படியாகத் தாவி ஏறுகிறவர். ஜூலை கடைசியில் அவருக்குக் கால்விரல் இடுக்கெல்லாம் வெளுத்து, வெடித்து, ரத்தம் வந்துவிட்டது. இன்னும் ஒரு மாதம் கால் ஈரத்தில் ஊறினால் நடை வேலையை விட்டுவிட்டுக் கவுன்டரில்தான் உட்கார வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

5. அந்தச் சீட்டோடு அவர் நேராக என் கடைக்குத்தான் வந்தார். "அக்கா, என்னை ஒரு இடத்துல உட்கார வெச்சா நான் செத்தே போயிடுவேன். உங்ககிட்ட கம்பளித் துண்டு கிடக்குமே, ஷூவுக்குள்ள போடுற மாதிரி ஏதாவது தெச்சுக் கொடுங்க" என்றார். கோட்டுத் துணியில் மிஞ்சிய கம்பளியை மூன்று அடுக்காக வைத்து அவர் பாத அளவுக்குத் தைத்துக் கொடுத்தேன். கழற்றி உலர்த்திக்கொள்ள வசதியாக இரண்டு ஜோடி. மறுநாள் அவர் கடை நடுவில் நின்று குதித்துக் காட்டினார். நானும் கூடச் சேர்ந்து குதித்தேன் என்பதை இம்மனுவில் பதிவு செய்வதில் எனக்கு வெட்கமில்லை.

6. அடுத்த வாரத்துக்குள் மற்றப் பத்துப் பேரும் வந்துவிட்டார்கள். அவர்களிடம் நான் கற்றதைத் தங்களுக்கும் பயன்படும் என்பதால் சொல்கிறேன். நனைந்த ஷூவை வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். அடுப்பருகே வைத்தால் அடிப்பாகம் பிரிந்துவிடும். நாடாவைத் தளர்த்தி, நாக்கை முன்னால் இழுத்து, உள்ளே போட்டிருக்கும் அட்டையை வெளியே எடுத்து, பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, மிதமான சூட்டில் சாய்த்து வைக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை தாளை மாற்ற வேண்டும். ஒருநாள் உழைத்த ஜோடிக்கு மறுநாள் ஓய்வு. பையில் எப்போதும் ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸ். நாற்றம் வருவது ஷூ காய்வதால் அல்ல, காயாததால்.

7. இதில் எனக்கு ஒரு சங்கடம். நான் தைக்கும்போதெல்லாம் அவர்கள் அந்தப் புகார்க்காரரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். அங்கே மூத்தவரான, எல்லோருக்கும் 'சித்தப்பா'வானவர், "எழுதின புண்ணியவதி எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும். ஆனா அவ சாக்ஸ் மட்டும் காயவே கூடாது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் குனிந்துகொள்வேன். இருபத்திரண்டு ஜோடியும் தைத்துக் கொடுத்த பிறகும் என் மனம் ஆறவில்லை.

8. ஆகவே பின்சுவரோரம் முழங்கால் உயரத்தில் இரண்டு தட்டு மரச்சட்டம் அமைத்துக்கொள்ளவும், காலை பதினொன்று முதல் மாலை நான்கு வரை அதில் ஷூ உலர்த்தவும் அனுமதிக்க வேண்டுகிறேன். சலவைக்கடைக்காரர் சம்மதித்துவிட்டார். அட்டைகளை மாட்டக் கொக்கியும், சட்டத்தை மறைக்கத் திரையும் என் பொறுப்பு.

9. ஷூ பற்றிய புகாரை எழுதியவள் நான் என்பது தபால்காரர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளுமாறு தங்கள் காலில் விழாத குறையாக வேண்டிக்கொள்கிறேன். (இப்பத்தியைக் கோடு போட்டு அடித்திருக்கிறேன். காரணம் கீழே.)

10. இதுவரை எழுதிவிட்டு, தபால்காரர்களின் கையெழுத்தும் இருந்தால் மனுவுக்குப் பலமாக இருக்கும் என்று இன்று மாலை எடுத்துப் போனேன். தாளை மடித்துப் பிடித்துக்கொண்டு கீழே வெற்றிடத்தை மட்டும் நீட்டினேன். மாடிப்படி வெடுக்கென்று பிடுங்கி, மடிப்பைப் பிரித்து, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டார். ஓடிவிடலாமா என்று பார்த்தேன். வாசலை மறித்துக்கொண்டு சித்தப்பா நின்றிருந்தார்.

11. ஒன்பதாம் பத்தியைப் படித்து முடித்ததும் மாடிப்படி சிரித்த சிரிப்பில் சலவைக்கடைக்காரரே எட்டிப் பார்த்தார். "அக்கா, நீங்க போட்ட அந்தக் கவரை மூணாவது மாடி ஏறிக் கொடுத்ததே நான்தான். பின்னாடி உங்க கடை முத்திரை உள்ளங்கை அகலத்துக்கு இருந்துச்சு. மூணே நாள்ல ஷூவைப் பத்தி ஆணை வந்தா எங்களுக்குப் புரியாதா?" என்றார். ஆரம்பத்திலிருந்தே பதினோரு பேருக்கும் தெரியுமாம். பிறகு ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். "கேட்டிருந்தா சண்டைக்கு வந்திருப்பீங்க. மனசு உறுத்துற கை நல்லா தெக்குதுன்னு சித்தப்பாதான் விட்டுடச் சொன்னாரு" என்றார். எனக்குக் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் அழுதுவிட்டேன். இவ்வளவு சந்தோஷமாக யாரிடமும் நான் பிடிபட்டதில்லை ஐயா.

12. மாடிப்படியின் கால் ஆறிக்கொண்டு வருகிறது. கம்பளியால் பாதிதான் ஆகும், மீதியைச் செய்யக்கூடியது அந்தச் சுவர். மருத்துவர் கொடுத்த ஒரு மாதத்தில் இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. இம்மனுவை நாளைக் காலை தங்கள் மேசைக்குக் கொண்டுவருபவர் அவரே. தாங்கள் ஆணையில் கையெழுத்திடும்வரை அங்கேயே காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். மரியாதைக்காக நாற்காலியைக் காட்டி அவரை உட்காரச் சொல்லிவிட வேண்டாம் என்று மட்டும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: ஆகஸ்ட் 13
இடம்: பின்பக்க நடைவழி

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தையற்காரி, கடை எண் 6
(ஷூ பற்றிய இரண்டு மனுக்களையும் எழுதியவள்)

உடன் கையொப்பமிட்டோர்: மாடிப்படி, சித்தப்பா மற்றும் தபால்காரர்கள் ஒன்பது பேர்.